தமிழ் அச்செழுத்தின் அளவும் வாசிப்புத் தெளிவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ் அச்சு வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நூல், ஆசிரியர், பதிப்பாளர், அச்சகம் ஆகியவற்றை மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. முதல் நூல் எது, அது எங்கு, எந்த ஆண்டில் அச்சாயிற்று என்னும் வினாக்களுக்கு அறிஞர்கள் பலர் விடை கண்டுள்ளனர். ஆயினும் அச்சிட்ட பக்கத்தைக் கண்ணால் படித்தவர் அதனை எவ்வளவு எளிதாகப் படிக்க முடிந்தது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. எழுத்தின் அளவு, வடிவம், இடைவெளி ஆகியன வாசிப்பை எளிதாக்கவோ கடினமாக்கவோ வல்லவை. இவற்றால் விளையும் பயனை 'வாசிப்புத் தெளிவு' எனலாம். தமிழ் அச்செழுத்தின் அளவை வரலாற்றில் தீர்மானித்தவை எவை, அவற்றுள் வாசகரின் கண்ணுக்கு எத்தகைய இடம் இருந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாசிப்புத் தெளிவு: ஆய்வு மரபு

அச்செழுத்தின் தெளிவை அறிவியல் முறையில் ஆராயும் போக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றியது. பாரிசில் வாழ்ந்த கண் மருத்துவர் எமில் ழவாலின் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஆய்வுகள், படிக்கும்போது கண் வரியின்மேல் சீராக ஊர்ந்து செல்வதில்லை, தாவித் தாவிச் சென்று இடையிடையே நிலைகொள்கிறது என்பதை வெளிப்படுத்தின. உரோமன் எழுத்துகளின் மேற்பாதியே அவற்றை இனங்காணப் பெரிதும் உதவுகிறது என்பதும் அக்காலத்தில் உணரப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மைல்ஸ் டிங்கர் பல்லாண்டுகள் நடத்திய சோதனைகளின் தொகுப்பு 1963இல் நூலாக வெளிவந்தது. எழுத்தின் அளவு, வரியின் நீளம், வரிகளுக்கு இடைப்பட்ட வெளி, ஒளியின் அளவு ஆகியவை தனித்தனியே செயல்படுவதில்லை, ஒன்றையொன்று சார்ந்தே வாசிப்பின் விரைவை மாற்றுகின்றன என்பது அவருடைய ஆய்வின் சாரமாகும்.

கார்டன் லெக், சார்லஸ் பிகலோ ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. உரோமன் எழுத்தில் 'x' போன்ற சிற்றெழுத்தின் உயரம் கண்ணில் 0.2 பாகை முதல் 2 பாகை வரை கோணம் அமைக்கும்போது இயல்பான பார்வையுடையோர் தடையின்றி விரைந்து படிக்கின்றனர் என்பதை அவர்கள் நிறுவினர். 40 செ.மீ. தொலைவில் பிடித்துப் படிக்கும் நூலில் இதன் கீழெல்லை ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகும். இந்த எல்லைக்குக் கீழே சென்றால் வாசிப்பின் விரைவு சட்டெனக் குறைகிறது. எல்லைக்கு மேலே எழுத்தைப் பெரிதாக்குவதால் விரைவு கூடுவதுமில்லை. படிக்கத் தொடங்கும் சிறுவர்க்குப் பழகிய வாசகரைக் காட்டிலும் பெரிய எழுத்து தேவைப்படுகிறது என்பதும் ஆய்வுகளால் அறியப்பட்ட செய்தியாகும்.

இம்முடிவுகளை அப்படியே தமிழுக்குப் பொருத்துவது இயலாது. உரோமன் எழுத்தில் ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரிப்பது பெரும்பாலும் அதன் முழு வடிவமாகும். தமிழிலோ ஒரு சிறு புள்ளியோ, ஒரு சுழியோ, உள்நோக்கி வளையும் ஒரு வளைவோ எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிறது. 'ன', 'ண' ஆகியவற்றிடையே சுழியின் எண்ணிக்கையே வேறுபாடு. 'னி', 'னீ' ஆகியவற்றிடையே மேல்விலங்கின் முனையில் உள்ள சிறு வளைவே வேறுபாடு. 'கெ', 'கே' ஆகியவற்றிடையே கொம்பின் சுழியே வேறுபாடு. எனவே தமிழ் எழுத்தின் உண்மையான அளவு அதன் உடலின் அளவு அன்று, அதிலுள்ள மிகச் சிறிய வேறுபடுத்தும் உறுப்பின் அளவே எனக் கொள்வது பொருந்தும். இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டே தமிழ் அச்சு வரலாறு பின்வரும் பகுதிகளில் நோக்கப்படுகிறது.

சுவடியிலிருந்து அச்சுக்கு

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பிய நூன்மரபு விதிக்கிறது. ஆனால் பனையோலையில் எழுத்தாணியால் எழுதியோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். ஓலையில் அழுத்தி இடும் புள்ளி ஏட்டைத் துளைத்துவிடக்கூடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணமாகும். இதனால் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே வடிவில் நின்றன. 'கொடு', 'கோடு' ஆகிய சொற்களும் அவ்வாறே அமைந்தன. காலும் ரகரமும் ஒத்த வடிவில் எழுதப்பட்டமையால் 'தரம்', 'தாம்' ஆகியவற்றையும் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டியிருந்தது. சொற்களுக்கு இடையே வெளி விடும் வழக்கமும் சுவடியில் இல்லை. பொருளையும் யாப்பையும் முன்னரே அறிந்தவர்க்கே சுவடி எளிதாயிற்று. சுவடி வாசிப்பு என்பது கண்ணின் வினையாக மட்டுமன்றிப் பயிற்சியின் வினையாகவும் இருந்தது.

இச்சுவடி மரபையே தொடக்கக்கால அச்சு அப்படியே ஏற்றுக்கொண்டது. 1554இல் லிசுபனில் தமிழ்மொழி உரோமன் எழுத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலாக இன்று கிடைப்பது 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' ஆகும். அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றிக்கசு உருவாக்கிய இந்நூல் 16 பக்கங்கள் கொண்டது. இதன் இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. ஓராண்டு இடைவெளியில் புதிய எழுத்து வார்க்கப்பட்டமையும், இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துக் காட்டியமையும் எழுத்து வடிவத்தின்மீது அச்சிட்டோர் கொண்டிருந்த அக்கறைக்குச் சான்றாகும். ஆயினும் அந்நூலில் மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே அமைந்தன. 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து 1679இல் அந்தோம் தெ புரொயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி அம்பலக்காட்டில் மரத்தில் செதுக்கிய எழுத்துகளால் அச்சிடப்பட்டது. இன்றைய கேரளத்துக்கு உட்பட்ட இம்மூன்று ஊர்களும் தமிழ் அச்செழுத்து வரலாற்றின் முதற் கட்டத்தைச் சேர்ந்தவை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

தாளும் எழுத்தளவும்: தரங்கம்பாடி

எழுத்தின் அளவு ஒரு சிக்கலாகத் தெளிவாக உணரப்பட்ட இடம் தரங்கம்பாடியாகும். 1706இல் அங்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ் எழுத்துகளின் மாதிரிகளைச் செருமனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கு வார்க்கப்பட்ட எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடியை அடைந்தன. தமிழறியாத கைவினைஞர் வரைவைப் பார்த்துச் செதுக்கியவை அவை. நுண்ணிய சுழிகளும் வளைவுகளும் சிதையாமல் அமையப் பெரிய அளவு அவர்களுக்குத் துணைசெய்தது எனக் கருதலாம்.

ஆனால் அப்பெரிய அளவே தரங்கம்பாடியில் குறையாகக் கருதப்பட்டது. தாள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. புதிய ஏற்பாடு போன்ற பெருநூலை அவ்வெழுத்தில் அச்சிடப் பெருமளவு தாள் தேவைப்பட்டது. எழுத்தின் நீள அகலங்களை நான்கில் ஒரு பங்கு குறைத்தால் அது பிடிக்கும் பரப்பு பதினாறில் ஒன்பது பங்காகச் சுருங்கும். அஃதாவது தாளில் ஏறத்தாழ 44 விழுக்காடு மிச்சமாகும். இக்கணக்கை நோக்கச் சிறிய எழுத்தின் தேவை எத்துணை நெருக்கடியானது என்பது புலனாகும். அச்சகத்தின் பொறுப்பிலிருந்த யோகான் கோட்லீப் ஆட்லர் தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் எழுத்து வார்ப்பகம் அமைத்துச் சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளையும் அவர் உருக்கிப் பயன்படுத்தினார் என்பது பலரும் எடுத்துக்காட்டும் செய்தியாகும். 1714இல் நற்செய்தி நூல்களும் திருத்தூதர் பணிகளும் அச்சாயின. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. அதனையடுத்துப் பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது.

இந்நிகழ்வில் எழுத்தைச் சிறிதாக்கும் முடிவை எடுத்தது தாளின் தட்டுப்பாடேயன்றி வாசகரின் தேவை அன்று. பெரிய எழுத்து படிக்கக் கடினம் என எவரும் கருதியதாகத் தெரியவில்லை. அது செலவு மிக்கது என்பதே குறையாயிற்று. தமிழ் அச்சில் எழுத்தளவு பற்றிய முதல் பெரும் மாற்றம் பொருளியல் காரணத்தால் நிகழ்ந்தது என்பது இதனால் பெறப்படும்.

புள்ளியும் கொம்பும்: வாசகருக்கான மாற்றம்

எழுத்து சிறிதாகிக்கொண்டிருந்த அதே 18ஆம் நூற்றாண்டில் எழுத்து வடிவில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. எகர ஒகரங்களில் நெடிலைக் குறிலிலிருந்து வேறுபடுத்தும் இன்றைய வடிவங்கள் வீரமாமுனிவர் வழி வந்தவை என்பது தமிழுலகம் ஏற்றுக்கொண்ட மரபாகும். 1728இல் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. குறிலுக்குப் புள்ளியிடும் பழைய விதிக்கு மாறாக நெடிலுக்கு வேறு வடிவம் தருவது இம்முறையாகும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கமும் அச்சில் படிப்படியாக நிலைபெற்றது.

இம்மாற்றங்கள் அச்சுக்கோப்பவரின் வேலையைக் கூட்டின. பதினெட்டு மெய்களுக்கும் புள்ளியுடன் கூடிய தனி அச்சுகள் தேவையாயின. ஆனால் வாசகரின் வேலை குறைந்தது. பொருளை ஊகித்து எழுத்தை அறியும் நிலை மாறி எழுத்தைக் கண்டு பொருளை அறியும் நிலை ஏற்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் தொடங்கிய தம் அச்சகத்தின் வழியும், பின்னர்ச் சென்னையிலும் வெளியிட்ட உரைநடை நூல்களில் நிறுத்தக்குறிகளைப் பயன்படுத்தியமையும் இவ்வகை மாற்றத்தின் தொடர்ச்சியே ஆகும்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. தெளிவைத் தருவது சிறு உறுப்பு. எழுத்தைச் சிறிதாக்கும்போது முதலில் அழிவதும் அச்சிறு உறுப்பே. 12 பாயிண்ட் எழுத்துடலின் உயரம் ஏறத்தாழ 4.2 மி.மீ. ஆகும். புள்ளியின் விட்டம் அதில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் அது 0.4 மி.மீ. அளவினது. 8 பாயிண்டில் அது 0.3 மி.மீ.க்கும் குறைகிறது. மையின் பரவலும் தாளின் சொரசொரப்பும் சேரும்போது புள்ளி மறைவதும் சுழிகள் அடைபடுவதும் இயல்பு. மேல்விலங்கு, கீழ்விலங்கு ஆகியவற்றுக்கும் அதே உடலில் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் ஒரே பாயிண்ட் அளவில் தமிழெழுத்தின் நடுப்பகுதி உரோமன் எழுத்தினும் நெருக்கமுறுகிறது.

இம்முரணைத் தீர்க்கும் வழி எழுத்தைப் பெரிதாக்குவது மட்டுமன்று, செதுக்கும் திறனை உயர்த்துவதும் ஆகும். சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தின் பொறுப்பாளர் பினியாஸ் ஹண்ட் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர். அவர் மேற்பார்வையில் உருவான புதிய சிற்றெழுத்துகள் தமிழ் அச்சைப் பெரிதும் மேம்படுத்தின. 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட மிரன் வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதி 1862இல் அவ்வச்சகத்தில் ஒரே தொகுதியாக வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் ஒத்த அளவில் நிற்கவேண்டிய அகராதிக்குச் சிற்றெழுத்து இன்றியமையாதது. எனினும் அகராதியை நோக்குவோர் ஒரு சொல்லைத் தேடி நிற்பவர், தொடர்ந்து பக்கம் பக்கமாகப் படிப்பவர் அல்லர். அகராதிக்குப் பொருந்திய அளவு கதைநூலுக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது.

'பெரிய எழுத்து': வாசகரை முன்னிறுத்திய அச்சு

1835இல் அச்சகச் சட்டம் தளர்த்தப்பட்ட பின்னர் இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின. அவற்றின் வழியே பரவிய வெகுமக்கள் நூல்களுள் ஒரு வகை தன் எழுத்தளவையே பெயராகக் கொண்டு வந்தது. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து மதனகாமராஜன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்னும் தலைப்புகள் இதற்குச் சான்றாகும். சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் இவ்வகை நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டனர். மலிவான தாள், எளிய அச்சுப்படங்கள், குறைந்த விலை ஆகியன இவற்றின் பொது இயல்புகளாகும்.

இலக்கிய வரலாற்று நூல்களில் 'பெரிய எழுத்துப் புத்தகம்' என்னும் தொடர் பெரும்பாலும் தரம் குறைந்த நூல் என்னும் பொருளிலேயே ஆளப்பட்டு வந்துள்ளது. அச்சு வரலாற்று நோக்கில் இக்கணிப்பு மறுபரிசீலனைக்கு உரியது. தாளைச் சிக்கனப்படுத்துவதே மலிவுப் பதிப்பின் இயல்பு. மலிவு விலையில் விற்கவேண்டிய நூலில் பெரிய எழுத்தைப் பயன்படுத்துவது அச்சிடுவோருக்குச் செலவைக் கூட்டும் செயலாகும். அச்செலவை ஏற்றதோடு நில்லாமல் அதனை நூலின் முகப்பிலேயே அறிவித்தமைக்கு அதை விரும்பி வாங்கிய வாசகர் இருந்தமையே காரணமாகும்.

அவ்வாசகர் யாவர் என்பது எண்ணத்தக்கது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் 5.35 விழுக்காட்டினர். படிக்கத் தெரிந்தோருள்ளும் எழுத்துக்கூட்டிப் படிப்போர் பலர். பகற்பொழுதின் உழைப்பு முடிந்தபின் விளக்கொளியில் ஒருவர் உரக்கப் படிக்கப் பிறர் சூழ்ந்திருந்து கேட்பது கதைநூல்களைப் பயன்படுத்திய முறைகளுள் ஒன்று. படிப்பவரின் கண்ணுக்கும் தாளுக்கும் இடையே தொலைவு கூடும் சூழல் அது. முதுமையால் பார்வை குறைந்து மூக்குக்கண்ணாடி வாங்க இயலாதோரும் அவர்களுள் இருந்திருப்பர். புதிதாகப் படிப்போருக்கும், ஒளி குறைந்த இடத்தில் படிப்போருக்கும் பெரிய எழுத்து தேவை என 20ஆம் நூற்றாண்டு ஆய்வுக்கூடங்கள் கண்ட உண்மையைக் கடைத்தெருப் பதிப்பாளர் விற்பனை அனுபவத்தால் அறிந்திருந்தனர் எனலாம். பெரிய எழுத்தில் புள்ளியும் கொம்பும் தேய்ந்த அச்சிலும் மங்கிய தாளிலும் தப்பிப் பிழைத்தன. தமிழ் அச்சு வரலாற்றில் எழுத்தளவை வாசகரின் கண் தீர்மானித்த வெளிப்படையான நிகழ்வு இதுவேயாகும்.

எழுத்துச் சீர்திருத்தம்: எண்ணிக்கையா, தெளிவா?

20ஆம் நூற்றாண்டில் எழுத்து வடிவம் பொது விவாதத்துக்கு உரியதாயிற்று. பெரியார் ஈ.வெ.ரா. 1935 சனவரியில் தம் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் புகுத்தினார். கற்பதற்கும் அச்சுக்கோப்பதற்கும் எளிமை வேண்டும் என்பது அவர் கருத்து. அவற்றுள் ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகளின் புதிய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையின் மூலம் நடைமுறைப்படுத்தியது.

அச்சுக்கோப்பு நோக்கில் இம்மாற்றத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒகர ஓகார வரிசையின் ஆறு எழுத்துகளும் கொம்புடன் ணா, றா, னா ஆகியவற்றைச் சேர்த்துக் கோக்கப்பட்டவை. எனவே எழுத்துப் பெட்டியிலிருந்து நீங்கிய தனி அச்சுகள் ஆகார வரிசையில் மூன்றும் ஐகார வரிசையில் நான்கும் ஆக ஏழே ஆகும். இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளின் எழுபத்திரண்டு தனி வடிவங்களும் அப்படியே நின்றன. கற்போருக்கு விதிவிலக்குகள் நீங்கியமை இச்சீர்திருத்தத்தின் சிறப்பான பயனாகும். 'கா' என எழுதக் கற்ற குழந்தை 'ணா' என்பதையும் அம்முறையிலேயே எழுத முடிந்தது. பெரிதும் ஒத்துத் தோன்றிய பழைய வடிவங்கள் விலகியமையால் தெளிவும் ஓரளவு கூடிற்று.

இதன்பின் வா.செ. குழந்தைசாமி உள்ளிட்டோர் இகர, உகர வரிசைகளையும் தனிக் குறிகளாகப் பிரிக்கும் திட்டங்களை முன்வைத்தனர். அவை நடைமுறைக்கு வரவில்லை. ஆதரித்தோர் எழுத்துகளின் எண்ணிக்கையையும், எதிர்த்தோர் மரபின் தொடர்ச்சியையும் பெரிதும் எடுத்துரைத்தனர். படிக்கும் கண்ணின் விரைவு, பிழை, சோர்வு ஆகியவை இவ்விவாதத்தில் முதன்மை பெறவில்லை. கணிப்பொறி வந்தபின் எழுத்துப் பெட்டியின் நெருக்கடி நீங்கிவிட்டது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எத்தனை வடிவங்களையும் எவ்வளவிலும் அமைக்கும் வசதி இன்று உண்டு. ஆகவே எண்ணிக்கை பற்றிய பழைய வாதம் வலுவிழக்க, தெளிவு பற்றிய வினா முன்னிலும் முதன்மை பெறுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழ் அச்செழுத்தின் வாசிப்புத் தெளிவை அளக்கத்தக்க அலகு எழுத்துடலின் பாயிண்ட் அளவு அன்று. புள்ளி, சுழி, கொம்பு, விலங்கு ஆகிய வேறுபடுத்தும் உறுப்புகளின் அளவே ஆகும்.

2. தரங்கம்பாடியில் எழுத்து சிறிதாகியமைக்குத் தாளின் தட்டுப்பாடும், அகராதியில் சிறிதாகியமைக்கு நூலின் அமைப்பும் காரணங்களாயின. இவ்விரண்டும் வாசிப்பின் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல.

3. புள்ளியும் நெடிற்கொம்பும் நிலைபெற்றமை அச்சுக்கோப்பவரின் சுமையைக் கூட்டி வாசகரின் சுமையைக் குறைத்த மாற்றமாகும். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் கற்போருக்கும் கோப்போருக்கும் எளிமை தந்த மாற்றமாகும். இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும்.

4. 'பெரிய எழுத்து' நூல்கள் இலக்கியத் தரத்தின் அடையாளமாக அன்றி வாசிப்புத் தெளிவை வெளிப்படையாக உறுதியளித்த பதிப்பு மரபாக மதிக்கத்தக்கவை.

பாடநூல், மருந்துச் சீட்டு, பேருந்துப் பெயர்ப்பலகை, கைப்பேசித் திரை என இன்று தமிழெழுத்து நிற்கும் இடங்கள் பலவாகும். மருந்தின் பெயரிலோ அளவிலோ ஒரு புள்ளி மறைந்தால் விளையும் தீங்கு இலக்கணப் பிழையோடு முடிவதில்லை. உரோமன் எழுத்துக்குக் கண்ட அளவுகளைத் தமிழுக்கும் கடன் வாங்குவதை விடுத்துத் தமிழெழுத்தின் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்ட அளவைகளைத் தமிழ்த்துறையும் கண் மருத்துவமும் வடிவமைப்புக் கலையும் இணைந்து உருவாக்க வேண்டும். அம்முயற்சிக்குத் தொடக்கமாக ஆய்வாளர் எடுத்துப் பார்க்கத்தக்கவை நூலகங்களின் கீழ்த்தட்டுகளில் நொறுங்கிக்கொண்டிருக்கும் பெரிய எழுத்துப் புத்தகங்களே ஆகும்.